கோதுமை சேராத மாவுக் கலவைகள்
வீட்டில் தயாரிக்கும் முறையும், காக்கவேண்டிய தூய்மையும்

ரொட்டியும் பிஸ்கோத்தும் பட்டணத்துப் பண்டங்கள் என்று எண்ணப்பட்ட காலம் மறைந்து வெகு நாட்களாகிவிட்டன. இன்று சிற்றூர்க் கடைகளிலும் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. குழந்தையின் பிறந்த நாளுக்குக் கேக்கு வாங்கும் வழக்கம் குடியானவர் வீடுகளிலும் பரவியிருக்கிறது. இப்பண்டங்கள் பெரும்பாலும் கோதுமை மாவினாலோ, கோதுமையிலிருந்து எடுக்கப்படும் மைதாவினாலோ செய்யப்படுபவை. ஆனால், கோதுமையை ஆயுள் முழுவதும் அறவே விலக்கவேண்டிய நிலையிலுள்ளவர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற மாவை, தமிழ்நாட்டு நிலங்களில் விளையும் நெல், சோளம், கேழ்வரகு, சாமை, மரவள்ளி முதலியவற்றைக் கொண்டு வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம். கலக்கும் முறை சுலபமானது. மாவில் கோதுமையின் சுவடு படாமல் காப்பதே கடினமானது. அந்தக் காவல் சமையலறையில் தொடங்குவதன்று. களத்திலும், சாக்கிலும், மாவு மில்லிலும் தொடங்குவது. ஆகையால் இவ்விஷயத்தில் நிலமுடையவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் நேரான பங்கு உண்டு.

குளூட்டனும் சீலியாக் நோயும்

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஓடும் நீரில் கசக்கிக் கழுவினால், வெண்மையான மாச்சத்து நீரோடு போய்விடும்; இழுத்தால் நீளும் பசை ஒன்று கையில் மிஞ்சும். குளூட்டன் எனப்படுவது இதுவே. கோதுமை ரொட்டி உப்பி மெத்தென்று ஆவதற்கு இதுவே காரணம். ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவை இப்பசை வலைபோலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாற்கோதுமை என்னும் பார்லியிலும், ரை என்னும் தானியத்திலும் இதையொத்த புரதங்கள் உள்ளன.

சீலியாக் நோயுள்ளவர்கள் இப்புரதத்தை உண்டால், உடலின் பாதுகாப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவுச் சத்துக்களை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து போகின்றன. அதனால் குழந்தைகள் எவ்வளவு உண்டும் வளராமல் நிற்பது, ஓயாத வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், மருந்துக்கும் இணங்காத இரத்தசோகை முதலிய தொல்லைகள் ஏற்படும். வெளிப்படையான குறி ஒன்றுமில்லாமலும் சிலருக்கு இந்நோய் இருப்பதுண்டு. இதற்கு மருந்து இல்லை. குளூட்டனை முற்றிலும் நீக்கிய உணவே சிகிச்சை. அவ்வாறு நீக்கினால் பெரும்பாலோருக்குக் குடல் மெல்ல மெல்லத் தேறிவிடும்.

நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லம் டிக்கே என்ற ஹாலந்து தேசத்துக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில், போரினால் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் பட்டினி கிடந்தபொழுது, இந்நோயுள்ள குழந்தைகள் மட்டும் முன்னிலும் தேறியதும், ரொட்டி மீண்டும் வந்தபொழுது நோய் திரும்பியதும் அவருடைய கருத்தை வலுப்படுத்தின. 1950-இல் அவர் தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார்.

இந்தியாவில் இந்நோய் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் இல்லை. 23,331 பேரைப் பரிசோதித்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், வட இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 8 பேருக்கு மேலும், வடகிழக்கில் 4 பேருக்கு மேலும், தென்னிந்தியாவில் பதினாயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. தெற்கில் கோதுமை குறைவாக உண்ணப்படுவது இவ்வேற்றுமைக்கு ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. ஒரு தாலுகாவில் சிலருக்கே நோய் இருக்கலாம். ஆயினும் அந்தச் சிலருக்கு வேறு வழியில்லை.

ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்லவேண்டும். குழந்தைக்கு இந்நோய் இருக்குமோ என்று ஐயம் தோன்றினால், தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தியபின் எடுக்கும் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டாமல் போகலாம். முதலில் மருத்துவரிடம் பரிசோதனை. அதன் பிறகே உணவு மாற்றம். நோயில்லாதவர்கள் கோதுமையை விலக்கவேண்டிய அவசியம் எதுவுமில்லை.

ஒரு கிலோவில் ஐந்தாறு மணிகள்

"குளூட்டன் இல்லாதது" என்று விற்கப்படும் உணவில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது என்பது சர்வதேச விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு விதியும் அதுவே. இவ்வளவு எத்துணைச் சிறியது என்பதைக் குடியானவர் அறிந்த கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு கிலோ கோதுமை மாவில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் வரை குளூட்டன் இருக்கும். ஆகவே 20 மில்லிகிராம் குளூட்டன் வருவதற்குக் கால் கிராம் கோதுமை மாவே போதும். ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை. அதாவது, ஒரு கிலோ கேழ்வரகில் ஐந்தாறு கோதுமை மணிகள் கலந்து அரைபட்டாலே அம்மாவு எல்லையைத் தொட்டுவிடும்.

இது வெறும் கணக்கன்று. அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பாகவே குளூட்டன் இல்லாத தானியங்களும் மாவுகளுமாகிய 22 மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். அவற்றுள் 7 மாதிரிகளில் இந்த எல்லையளவோ அதற்கு மேலோ குளூட்டன் இருந்தது. தானியத்தின்மேல் குற்றமில்லை. அது கோதுமையோடு ஒரே வண்டியிலும், ஒரே கிடங்கிலும், ஒரே இயந்திரத்திலும் பழகியதே குற்றம்.

தமிழ்நாட்டுக் குடியானவருக்கு இவ்விஷயத்தில் ஓர் இயற்கையான அனுகூலம் உண்டு. இங்கே கோதுமைச் சாகுபடி மிகவும் சொற்பம். ஆகையால் வயலிலும் களத்திலும் கலப்படம் நேர்வது அரிது. அறுவடைக்குப் பின்னரே கோதுமை வந்து சேர்கிறது. பின்வரும் இடங்களைக் கவனித்தால் போதும்.

சாக்கு: கோதுமையோ, மைதாவோ, ரவையோ இருந்த பழைய சாக்குகளைக் கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் உபயோகிக்கும் பழக்கம் எங்கும் உண்டு. சணல் இழைகளுக்குள் தங்கும் மாவை உதறி நீக்க முடியாது. புதுச் சாக்கையோ, நெல்லுக்கென்றே வைத்த சாக்கையோ உபயோகிக்கவேண்டும்.

முறமும் சல்லடையும்: சல்லடைக் கண்களிலும், பிரம்பு முறத்தின் பின்னல்களிலும் பழைய மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வேலைக்குத் தனிச் சல்லடை, தனி முறம், தனித் துணி வேண்டும்.

சலித்தல்: கேழ்வரகு, சாமை, தினை ஆகியவற்றின் மணி கோதுமையைவிட மிகச் சிறியது. தானியம் மட்டும் விழும்படியான சல்லடையில் சலித்தால் கோதுமை மணி மேலே தங்கிவிடும். சோளம் பருமனில் கோதுமைக்குச் சமீபமாக இருப்பதால் சல்லடை உதவாது. வெள்ளைத் துணியில் பரப்பிக் கையால் பொறுக்கவேண்டும். சலித்தபின் தானியத்தை நீரில் கழுவி உலர்த்தினால், மேலே படிந்த தூசியும் நீங்கும்.

மாவு மில்: எல்லாவற்றிலும் பெரிய அபாயம் இதுதான். நியாய விலைக் கடைக் கோதுமையை அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்த நிமிஷம் கேழ்வரகு கொட்டப்படுகிறது. இரண்டு படி அரிசியை முன்னால் விட்டு அரைத்து இயந்திரத்தைச் "சுத்தம்" செய்வது வழக்கம். இதனால் கோதுமை மாவு குறையுமேயன்றி நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. கல்லின் கொத்துக்களிலும், மாவு வரும் குழாய்த் துணியிலும், தூசி படிந்த கூண்டிலும் மிஞ்சுவது கால் கிராமைவிட மிக அதிகம். ஆகையால் நோயாளி உள்ள வீட்டில் சொந்தமாக ஒரு சிறு அரவை இயந்திரமோ, உரலோ, திருகையோ வைத்துக்கொள்வதே நன்று. முன்பு கோதுமை உடைத்த திருகையை அப்படியே உபயோகிக்கக் கூடாது. புதிய கல்லே உசிதம்.

மாவுக் கலவையின் தத்துவம்

குளூட்டன் செய்யும் வேலையை வேறு எந்தத் தானியமும் தனியாகச் செய்துவிடாது. அரிசி மாவு மட்டும் கொண்டு செய்த ரொட்டி வறண்டு உதிரும். கேழ்வரகு மட்டும் இட்டால் செங்கல்போல இறுகும். ஆகையால் மூன்று வேலைகளை மூன்று பொருள்களுக்குப் பகிர்ந்து கொடுக்கவேண்டும்.

முதலாவது, உடலும் சுவையும் சத்தும் தரும் தானிய மாவு. இரண்டாவது, மென்மையும் இணக்கமும் தரும் மாச்சத்து. மரவள்ளி மாவும் கூவைக்கிழங்கு மாவும் இவ்வகை. மூன்றாவது, வாயுவைப் பிடித்து வைக்கும் பசைப்பொருள். இசப்கோல் உமி, உளுந்து, அரைத்த ஆளி விதை ஆகியவை இதற்கு உதவும்.

இத்தத்துவம் தமிழ்நாட்டுச் சமையலறைக்குப் புதியதன்று. இட்லியில் ஒரு துளி கோதுமையும் இல்லை. ஆயினும் அது பஞ்சுபோல் உப்புகிறது. உளுந்தின் வழவழப்பான பசையும் புரதமும் மாவு புளிக்கும்பொழுது எழும் வாயுவைச் சிறைப்படுத்துவதே அதன் இரகசியம். பசை குறைந்த அரிசியை உளுந்தின் துணைகொண்டு உப்பச் செய்த அதே யுக்தியை ரொட்டிக்கும் உபயோகப்படுத்தலாம்.

தானியங்களைப் பக்குவம் செய்தல்

அரிசி: பச்சரிசியே ஏற்றது. புழுங்கலரிசியின் மாச்சத்து முன்பே வெந்திருப்பதால் அதிக நீரை இழுத்துக் கொழகொழப்பாகும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியின்மேல் பரப்பி, ஈரம் சற்று இருக்கும்பொழுதே இடித்துச் சலிக்கவேண்டும், இடியாப்பத்துக்கு இடிப்பதுபோலவே. உலர்ந்த அரிசியை அரைத்த மாவைவிட இது மிருதுவாக இருக்கும். ரொட்டியில் மணல்போல நறநறக்காது. சேமிப்பதாயின் ஈரம் முற்றிலும் போகும்படி உலர்த்தி எடுத்து வைக்கவேண்டும்.

சோளம்: ரொட்டிக்கு மிகவும் இணக்கமான சிறுதானியம் இதுவே. சுவை கோதுமைக்கு நெருங்கியது. வெள்ளைச் சோளத்தைத் தேர்ந்துகொள்க. செஞ்சோளத்தில் துவர்ப்பு மிகுதி. மணியின்மேல் நீர் தெளித்து, உரலில் இலேசாகக் குத்தி, மேல்தோலைப் புடைத்து நீக்கியபின் அரைத்தால் மாவு வெண்மையாகவும் மிருதுவாகவும் வரும்.

கேழ்வரகு: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது, அரிசியில் உள்ளதோ மிகச் சொற்பம். சத்துக் குறைவால் எலும்பு மெலிந்த நோயாளிகளுக்கு இது விசேஷமாக நன்மை தரும். ஆயினும் முளைகட்டிய கேழ்வரகு மாவை ரொட்டியில் அதிகம் சேர்க்கலாகாது. முளைக்கும்பொழுது உண்டாகும் நொதிகள் மாச்சத்தைக் கரைத்துவிடுவதால், ரொட்டியின் நடுப்பாகம் வேகாததுபோல் பிசுபிசுக்கும். கஞ்சிக்கு நல்லதாயிருப்பது ரொட்டிக்கு ஆகாது.

கம்பு: எண்ணெய்ச் சத்து மற்றச் சிறுதானியங்களைவிட அதிகம். அதனாலேயே கம்பு மாவு அரைத்த சில நாட்களில் காறிக் கசந்துவிடும். கம்பைச் சேர்ப்பதாயின் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளவேண்டும். கலந்து வைக்கும் மாவில் சேர்க்கக் கூடாது.

சாமை, தினை, வரகு, குதிரைவாலி: உமி நீக்கிய அரிசியை அரைத்து, கலவையில் சோள மாவின் பாதியளவுக்குப் பதிலாக உபயோகிக்கலாம்.

எந்த மாவானாலும் நயமாகச் சலிக்கவேண்டும். வைத்தியர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதுபோல் மெல்லிய துணியில் சலித்த மாவே கேக்குக்கு உத்தமம்.

மரவள்ளி மாவு எடுக்கும் முறை

சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசித் தொழில் 1940-களில் தொடங்கி வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரினால் அயல்நாட்டு மாவும் ஜவ்வரிசியும் வருவது தடைப்பட்டதே அதற்குத் தூண்டுகோல். ஆலை மாவு எளிதில் கிடைக்குமாயினும், மரவள்ளி பயிரிடுவோர் வீட்டுத் தேவைக்குத் தாமே எடுத்துக்கொள்ளலாம்.

கிழங்கை வெட்டிய மறுநாளைக்குள் எடுத்தாளவேண்டும். தாமதித்தால் உள்ளே கருநரம்பு ஓடி மாவு நிறம் கெடும். வெளித்தோல், உட்தோல் இரண்டையும் நீக்கி, கழுவி, துருவிக்கொள்க. துருவலை நிறைய நீரில் கரைத்து, துணியில் வடிகட்டிப் பிழிக. பாலை ஆறு மணி நேரம் அசையாமல் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிடுக. மேலே படிந்த பழுப்பு ஏட்டைச் சுரண்டி எறிந்து, அடியிலுள்ள வெண்மாவைப் புதுநீரில் கரைத்து மறுபடியும் தெளியவிடுக. பின்பு வெயிலில் நன்கு உலர்த்திப் பொடித்துச் சலித்துக்கொள்க. 10 கிலோ கிழங்கிலிருந்து 2 கிலோ வரை மாவு எதிர்பார்க்கலாம்.

மரவள்ளியில் சயனைடு என்னும் விஷப்பொருள் உண்டாகும் இயல்பு இருப்பதால், பச்சைக் கிழங்கையும் தோலையும் சுவைத்துப் பார்ப்பது கூடாது. இரண்டு முறை கழுவித் தெளியவைப்பதில் அது நீரோடு போய்விடும். அந்நீரைக் கால்நடைகள் குடிக்கும் தொட்டியிலோ வாய்க்காலிலோ விடலாகாது.

மூன்று கலவைகள்

பின்வரும் அளவுகள் ஒவ்வொன்றும் 1 கிலோ கலவைக்கு உரியவை. எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். தானியத்துக்குத் தானியம் மாவின் கனம் வேறுபடுவதால் படியாலும் டம்ளராலும் அளப்பது பொருந்தாது.

1. பொதுக் கலவை (கேக்கு, வெண்ணெய்ப் பிஸ்கோத்து)
பச்சரிசி மாவு: 500 கிராம்
வெள்ளைச் சோள மாவு: 200 கிராம்
மரவள்ளி மாவு: 300 கிராம்

2. ரொட்டிக் கலவை
வெள்ளைச் சோள மாவு: 400 கிராம்
பச்சரிசி மாவு: 250 கிராம்
மரவள்ளி மாவு: 250 கிராம்
உளுத்தம் மாவு: 60 கிராம்
இசப்கோல் உமி: 40 கிராம்

3. சத்துக் கலவை (பிஸ்கோத்து, வெல்லக் கேக்கு)
கேழ்வரகு மாவு: 450 கிராம்
பச்சரிசி மாவு: 250 கிராம்
மரவள்ளி மாவு: 200 கிராம்
கடலை மாவு: 100 கிராம்

உளுத்தம் மாவையும் கடலை மாவையும் கடையில் வாங்காமல், பருப்பாக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்வது நன்று. மரவள்ளி மாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டலாகாது. கூட்டினால் பண்டம் மென்மையாகுமேயன்றிச் சத்து குறையும். குடல் தேறவேண்டிய நோயாளிக்கு வெறும் மாச்சத்து போதாது.

மாவுகளை ஒன்றாகக் கொட்டி மூன்று முறை சலித்தால் சீராகக் கலந்துவிடும். ஈரமில்லாத டப்பாவில் அடைத்து, கலந்த தேதியை எழுதி ஒட்டி, ஒரு மாதத்துக்குள் உபயோகித்துவிடவேண்டும்.

ரொட்டி சுடும் முறை

ரொட்டிக் கலவை 500 கிராம், ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 8 கிராம், எண்ணெய் 25 மில்லிலிட்டர், வெதுவெதுப்பான நீர் சுமார் 475 மில்லிலிட்டர். கோதுமை மாவுக்கு ஊற்றுவதைவிட நீர் மிக அதிகமாகத் தோன்றும். இசப்கோலும் சோளமும் அவ்வளவையும் இழுத்துக்கொள்ளும்.

ஈஸ்டையும் சர்க்கரையையும் நீரில் கரைத்துப் பத்து நிமிஷம் வைத்து, நுரை எழுந்தபின், மாவையும் உப்பையும் எண்ணெயையும் சேர்த்து மரக்கரண்டியால் ஐந்து நிமிஷம் நன்றாக அடிக்கவேண்டும். மாவு வடை மாவைப்போலத் தளர்ந்து இருக்கும். கோதுமை மாவைப்போல் பிசைந்து உருட்ட முயல்வது வீண். மேலும் மாவைத் தூவிக் கெட்டியாக்குவது பெருந்தவறு. ரொட்டி இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எண்ணெய் தடவிய தகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை மாவை நிரப்பி, ஈரக்கையால் மேற்புறத்தைத் தடவிச் சமப்படுத்தி, ஈரத்துணியால் மூடி, விளிம்பை நெருங்கும்வரை உப்பவிடவேண்டும். வெயில் காலத்தில் இதற்கு 40 நிமிஷம் போதும். ஒருமுறை உப்பினால் போதும். அடித்து அமுக்கி மறுமுறை உப்பவிடக் கூடாது. பின்னர் ரொட்டி அடுப்பில் 190 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 50 முதல் 60 நிமிஷம் சுடவேண்டும். தட்டிப் பார்த்தால் வெற்றுக் குடத்தின் ஓசை வரவேண்டும். வெந்தபின் தகரத்திலிருந்து எடுத்து, இரண்டு மணி நேரம் முழுவதும் ஆறவிட்டே அறுக்கவேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே களிபோல ஒட்டும்.

ரொட்டி அடுப்பு இல்லாத வீடுகளில் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாம். மேலே சிவந்து முறுகாதாயினும் உள்ளே மிருதுவாக இருக்கும். இவ்வகை ரொட்டி இரண்டாம் நாளே வறளத் தொடங்கும். அப்பொழுது துண்டுகளாக்கித் தோசைக்கல்லில் வாட்டி உண்ணலாம்.

சத்துக் கலவையில் பிஸ்கோத்து செய்வதற்கு: கலவை 300 கிராம், வெண்ணெய் 150 கிராம், பொடித்த வெல்லம் 120 கிராம், ஏலம் சிறிது. வெண்ணெயையும் வெல்லத்தையும் குழைத்து, மாவைச் சேர்த்து, பால் தெளித்துத் திரட்டி, அரை மணி நேரம் வைத்திருந்து, சிறு வில்லைகளாகத் தட்டி, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிஷம் சுடுக. இதற்குப் பசைப்பொருள் வேண்டியதில்லை. பழக்கமில்லாதவர்கள் ரொட்டிக்கு முன் இதைச் செய்து கைதேறுவது நலம்.

மறைந்து வரும் கோதுமை

மாவைக் காத்துவிட்டால் மட்டும் போதாது. ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமையே. சம்பா கோதுமை பழைய தானியமாயினும் கோதுமையே. அது நோயாளிக்கு ஆகும் என்பது தவறான நம்பிக்கை. கேழ்வரகுச் சேமியா, சிறுதானியப் பிஸ்கோத்து என்று விற்கப்படுபவை பலவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். ஆகவே சாம்பாரின் வழியாகவும் குளூட்டன் வரும். பால் பெருங்காயக் கட்டியை உபயோகிக்கலாம். மால்ட் சேர்த்த பானப் பொடிகள் பார்லியிலிருந்து வந்தவை. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே கிடைப்பதால், அதற்கெனத் தனியே காக்கப்பட்டதாக இருந்தாலன்றி விலக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் உணவுப் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா ஆகியவை உண்டு. சத்துமாவிலும் கோதுமை சேர்வது வழக்கம். இவை மற்றக் குழந்தைகளுக்கு நல்ல உணவு. இந்நோயுள்ள குழந்தைக்கோ தீங்கு. கிராமத்தில் அப்படி ஒரு குழந்தை இருப்பதாக மருத்துவச் சான்று கிடைத்தால், தலைமையாசிரியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் அதை எழுத்து மூலம் தெரிவித்து, அரிசி உப்புமாவோ பொங்கலோ தனிப் பாத்திரத்தில் கிடைக்கச் செய்யவேண்டும். ஒரு கரண்டியை இரண்டு பாத்திரத்திலும் இட்டால் ஏற்பாடு முழுவதும் வீணாகும். குழந்தையின் பிடிவாதம் என்றோ, பெற்றோரின் மிகைக் கவலை என்றோ இதை எண்ணிவிடலாகாது.

ஊரில் மாவு மில் நடத்துவோரிடமும் பேசவேண்டும். இரண்டு இயந்திரம் உள்ள மில்லில் ஒன்றில் கோதுமையை எக்காலத்தும் அரைப்பதில்லை என்று தீர்மானித்து, அதைத் தனி அறையில் வைத்து, அறிவிப்புப் பலகை தொங்கவிட்டால், நோயாளி உள்ள வீடுகளுக்குப் பேருதவியாகும். அடுத்த இயந்திரத்திலிருந்து பறக்கும் மாவும் கலப்படமே. ஆதலால் அறை வேறாக இருத்தல் முக்கியம். மகளிர் குழுக்கள் சிறுதானியத்துக்கென்றே ஓர் இயந்திரம் வைக்க முன்வந்தால், இந்நிபந்தனையைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது எளிது.

விற்க நினைப்பவர்களுக்கு

பட்டணங்களில் இவ்வகை மாவுக்கு நல்ல விலை கிடைக்கிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு சிறுதானியங்களை நாடுவோரும் பெருகியிருக்கிறார்கள். ஆனால், சிறுதானிய மாவு என்று விற்பது வேறு. குளூட்டன் இல்லாத மாவு என்று விற்பது வேறு. முன்னதற்கு நல்ல தானியம் போதும். பின்னதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெறுவதோடு, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலையில் மாவைச் சோதித்து, கிலோவுக்கு 20 மில்லிகிராம் எல்லைக்குள் இருப்பதாகச் சான்று பெறவேண்டும். ஒருமுறை சோதித்தது எல்லாக் காலத்துக்கும் ஆகாது. புதிய இடத்துத் தானியம் வாங்கும்பொழுதும், இயந்திரம் மாற்றும்பொழுதும் மீண்டும் சோதிக்கவேண்டும். சான்றில்லாமல் அச்சொற்களைப் பையின்மேல் அச்சிடுவது சட்டத்துக்கு விரோதம். அதைவிட முக்கியமாக, அச்சொற்களை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு அம்மாவைக் கொடுப்பாள்.

சோதனைச் செலவை இப்பொழுது ஏற்க இயலாதவர்கள், நோயாளி உள்ள வீடுகளுக்குத் தானியமாகவே விற்கலாம். புதுச் சாக்கில் கட்டி, கோதுமை படாத கிடங்கில் வைத்து, விளைந்த நிலத்தையும் அறுவடை மாதத்தையும் எழுதிக் கொடுத்தால், வாங்குவோர் பொறுக்கிக் கழுவித் தங்கள் இயந்திரத்தில் அரைத்துக்கொள்வார்கள். வருஷாவருஷம் ஒரே இடத்தில் வாங்க விரும்பும் வாடிக்கை இது.

அடுத்த அறுவடைக்குமுன் செய்யவேண்டியவை மூன்று. நெல்லுக்கும் சிறுதானியத்துக்கும் தனிச் சாக்குகளை அடையாளமிட்டு ஒதுக்குக. கிடங்கில் கோதுமைப் பொருள்களுக்கு வேறு மூலை வகுக்க. ஊர் மாவு மில்லில் கோதுமைக்கும் மற்றத் தானியங்களுக்கும் இயந்திரம் வேறா என்று கேட்டறிக. இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். கலவை செய்யும் வீட்டார் எவ்வளவு கவனமாக இருந்தாலும், இம்மூன்றும் சரியாக இருந்தால்தான் அக்கவனம் பலன் தரும்.